331 மதிப்பெண்ணும், மருத்துவரை அழைக்கும் பழக்கமும்

டெக்சாஸ் மாநிலத்திலிருந்து வாசகி ஒருவர் நான்கு பக்கங்களில் எழுதிய கடிதத்தை, அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, அமெரிக்காவில் நர்ஸ் உரிமம் பெறுவதற்கான என்கிளெக்ஸ் தேர்வெழுதி அங்கே வந்தவர். பதினொரு ஆண்டுகளாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணி, பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே மனநல நர்ஸ் பிராக்டிஷனருக்கான, அதாவது நோயறிந்து மருந்தும் எழுதும் உயர்நிலை நர்ஸுக்கான, முதுநிலைப் படிப்பை முடித்திருக்கிறார். சென்ற மாதம், நர்ஸ்களுக்குச் சான்றளிக்கும் அமைப்பான ஏ.என்.சி.சி. நடத்தும் சான்றிதழ்த் தேர்வை எழுதினார். தேர்ச்சிக்கு 500-க்கு 350 வேண்டும், கிடைத்தது 331.

"மூவாயிரம் பயிற்சிக் கேள்விகள் போட்டேன். மருந்துகளை எல்லாம் மனப்பாடமாகச் சொல்வேன். என் ஆங்கிலம்தான் என்னைக் கவிழ்த்துவிட்டது" என்கிறார். ஒரு கிளினிக் வேலைக்கான கடிதத்தைக் கொடுத்துவிட்டு அவருடைய சான்றிதழுக்காகக் காத்திருக்கிறது. அவர் இருக்கும் வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர், சென்ற வாரத் தேர்வில் வந்த கேள்விகள் என்று ஒரு கோப்பை 200 டாலருக்குத் தருவதாகச் சொல்கிறார். அதை வாங்கலாமா, வேறு அமைப்பின் தேர்வுக்கு மாறிவிடலாமா, மூன்று முறை தவறினால் பிறகு எழுதவே முடியாதா, கிளினிக்கிடம் தோல்வியைச் சொல்ல வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், கேள்வியாக இல்லாமல், இன்னொரு வரியும் இருக்கிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ஓரத்து வரியிலிருந்தே தொடங்குகிறேன். "சில நாள் காலையில் வீடு திரும்பிப் படுக்கும்போது, இனி எழுந்திருக்கவே வேண்டாம் என்று தோன்றுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது வெறும் அலுப்பாகவும் இருக்கலாம். ஆனால் உங்கள் முன்னே அமர்ந்திருக்கும் ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் நீங்கள் அலுப்பு என்று கடந்துபோயிருக்க மாட்டீர்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா, அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று நேராகவே கேட்டிருப்பீர்கள். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்பதும் நீங்கள் படித்ததுதான். ஆகவே அதையே உங்களிடம் கேட்கிறேன். பதிலை எனக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் குடும்ப மருத்துவரிடமோ, பணியிடத்தின் ஊழியர் ஆலோசனைச் சேவையிலோ, இந்த வாரமே வாய்விட்டுச் சொல்லுங்கள். எண்ணம் வலுத்தால் இரவோ பகலோ, அமெரிக்காவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐ அழைக்கலாம். அதற்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம். சிகிச்சைக்குப் போனாலே நர்ஸ் உரிமம் போய்விடும் என்ற பயம் நம்மவர்களிடையே நிறைய உண்டு. சிகிச்சை பெறுகிறார் என்ற ஒரே காரணத்துக்காக யாருடைய உரிமமும் பறிபோவதில்லை. பகலில் நான்கு மணி நேரத் தூக்கத்தோடு இத்தனை ஆண்டுகள் ஓடிய உடலில் மனச்சோர்வு இருக்கிறதா, தூக்கக் கடன் இருக்கிறதா, தைராய்டு குறைவு இருக்கிறதா என்பதைக் கடிதத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. நேரில் ஒருவர் பார்க்க வேண்டும்.

இதை முதலில் எடுத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் மீண்டும் எழுதப்போகும் தேர்வின் முதல் விதியும் இதுவே: நான்கு விடைகளில் எது உயிரைக் காக்கிறதோ அது முந்தும்.

331 எதைச் சொல்கிறது

350-ஐ 500-ஆல் வகுத்தால் 70 சதவீதம், 331 என்றால் 66 சதவீதம், எனவே ஏறத்தாழ ஆறு கேள்விகளில் வாய்ப்பைத் தவறவிட்டேன் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கணக்கு செல்லாது. மொத்தம் 175 கேள்விகளில் 150-க்கு மட்டுமே மதிப்பெண். மீதி 25, எதிர்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை, எவை என்று அடையாளம் தெரியாதபடி கலந்திருக்கும். நீங்கள் சரியாகச் சொன்ன விடைகளின் எண்ணிக்கை, அந்த வினாத்தாள் எவ்வளவு கடினமானது என்பதற்கேற்ப வேறோர் அளவுகோலுக்கு மாற்றப்பட்டே 331 ஆகிறது. சதவீதம் போலத் தோன்றினாலும் அது சதவீதம் அல்ல. எனவே இன்னும் ஆறு கேள்விகள் சரியாகச் செய்தால் போதும் என்று நம்பிப் பழைய முறையிலேயே படிப்பதும் தவறு, மலையளவு தூரம் இருக்கிறது என்று சோர்வதும் தவறு.

அந்த எண்ணைவிட, அதனுடன் வந்த பிரிவுவாரி அறிக்கைக்குத்தான் மதிப்பு அதிகம். நீங்கள் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள்: அறிவியல் அடிப்படையில் உயர்நிலை, நோயறிதல் மற்றும் சிகிச்சையில் நடுநிலை, உளச்சிகிச்சையிலும் சட்டம் மற்றும் அறநெறியிலும் தாழ்நிலை. உங்கள் ஆங்கிலம்தான் காரணம் என்றால் எல்லாப் பிரிவுகளும் ஒன்றுபோலத் தாழ்ந்திருக்க வேண்டும். மருந்துகள் பற்றிய பகுதியை மட்டும் தமிழிலா கேட்டார்கள்? குறை வேறு இடத்தில் இருக்கிறது.

உங்கள் அனுபவமே உங்களை எங்கே தடுக்கிறது

பதினொரு ஆண்டுகளாக ஒரு நல்ல ஐ.சி.யூ. நர்ஸ் எதைச் செய்வாரோ அதைச் செய்து வந்திருக்கிறீர்கள். மாற்றத்தை முதலில் கவனிப்பது, அளப்பது, பதிவு செய்வது, மருத்துவரை அழைப்பது. இந்தத் தேர்வில் அழைப்பதற்கு மருத்துவர் இல்லை. அந்த இருக்கையில் நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் படித்த காலத்தில் முதல் பயிற்சித் தேர்வில் பல கேள்விகளுக்கு மருத்துவருக்குத் தெரிவிப்பேன் என்ற விடையைத் தேடித் தேடிக் குறித்தேன். தவறான விடைகளைத் திரும்பப் பார்த்தபோதுதான், எனக்குப் பாடம் தெரியாமல் போகவில்லை, பதவி மாறியதுதான் தெரியாமல் போயிற்று என்பது புரிந்தது. பயிற்சிக் கேள்விகளில் தவறியவை என்று நீங்கள் அனுப்பியிருக்கும் விடைகளின் பட்டியலிலும் அந்த வாடை பலமாகவே அடிக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டை நானே அமைத்துத் தருகிறேன். மனச்சிதைவு நோய்க்கான குளோசபைன் மாத்திரையில் பல ஆண்டுகளாக நிலையாக இருக்கும் ஒருவர், நிமோனியாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்து, அங்கே புகைப்பதை அடியோடு விட்டுவிட்டார். நிக்கோட்டின் பட்டை ஒட்டியிருக்கிறார்கள். பத்து நாள் கழித்து உங்களிடம் வரும்போது வாயில் எச்சில் வழிகிறது, பகலெல்லாம் தூங்கி வழிகிறார். அடுத்து என்ன செய்வீர்கள்? குளோசபைனைச் சிதைக்கும் சி.ஒய்.பி. 1ஏ2 என்ற கல்லீரல் நொதியைப் புகை தூண்டுகிறது என்பது உங்களுக்கு மனப்பாடம். ஆனால் கேள்வி அதைக் கேட்கவில்லை. தூண்டுவது புகையில் உள்ள தார்ப்பொருளே தவிர நிக்கோட்டின் அல்ல, எனவே பட்டை ஒட்டியிருந்தாலும் நொதியின் வேகம் குறைந்துவிடும், அதே அளவு மாத்திரைக்கு இரத்தத்தில் மருந்து ஏறிவிடும், தொற்றும் அந்த ஏற்றத்தைக் கூட்டும் என்று சங்கிலியைக் கோத்து, இரத்த அளவைப் பார்த்து மாத்திரையின் அளவைக் குறைக்கும் முடிவை நீங்கள் எடுக்க வேண்டும். கண்காணிப்பைத் தொடர்வது என்று ஒரு விடை இருக்கும். அது நர்ஸாக இருந்த உங்களை இழுக்கும்.

இருமுனைக் கோளாற்றுக்குத் தரும் லித்தியமும் அப்படித்தான். இரத்தத்தில் 0.6 முதல் 1.2 வரை என்ற எண்ணைப் பார்த்தவுடன் 1.1 இருந்தால் பாதுகாப்பு என்று குறித்துவிடுவீர்கள். மூட்டு வலிக்கு, இரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும் ஐபுபுரூஃபனை எடுக்கும் முதியவருக்கு வயிற்றுப்போக்கும் தள்ளாட்டமும் கை நடுக்கமும் இருந்தால், எண் எல்லைக்குள் இருப்பதை நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. லித்தியத்தை நிறுத்தி, அளவையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் அவசரமாகப் பார்க்க வேண்டும்.

அதே ஐ.சி.யூ. அனுபவம் உங்களுக்கு வாளாகவும் இருக்கிறது. திடீரென்று இரவில் குழம்பிப் பூச்சிகள் ஊர்வதாகச் சொல்லும் எழுபது வயதுப் பாட்டிக்கு மனநோய் மருந்தைக் கையில் எடுக்கும் முன்பு, சிறுநீர்த் தொற்றையும் புதிதாகச் சேர்த்த மாத்திரைகளையும் தேட வேண்டும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மருந்துகளால் வரும் செரோட்டோனின் நோய்க்குறியில் கால்கள் வெட்டி வெட்டி இழுப்பதையும், நியூரோலெப்டிக் மாலிக்னண்ட் நோய்க்குறியில் உடல் ஈயக் குழாய்போல விறைப்பதையும் நீங்கள் கண்ணாலேயே பார்த்திருப்பீர்கள். இந்தப் பகுதிக்கு இனி அதிக நேரம் செலவிடாதீர்கள்.

சட்டமும் நம் வீட்டு வழக்கமும்

இங்கே கொஞ்சம் மனம் கோணாமல் படியுங்கள். இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி உங்களிடம் சிகிச்சை பெறுகிறாள். அவளுடைய அம்மா தொலைபேசியில் அழுதுகொண்டே, மகள் மாத்திரை சாப்பிடுகிறாளா என்று மட்டும் சொல்லுங்கள் என்கிறார். ஒப்புதல் எதுவும் கோப்பில் இல்லை. நீங்கள் குறித்த விடை, தாயின் பதற்றத்தைத் தணிக்கும் விதமாகச் சுருக்கமாகத் தெரிவிப்பது. நம் ஊரில் நோயாளி என்றால் குடும்பம்தான். மருத்துவர் அப்பாவிடம் பேசுவார், நோயாளி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அமெரிக்காவில் நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் ஹிப்பா சட்டத்தின்படி அந்தப் பெண்தான் முடிவெடுப்பவள். அவசர ஆபத்து இல்லாத நிலையில், தாய் சொல்வதைக் கேட்டுக்கொள்ளலாம். அவள் உங்களிடம் சிகிச்சை பெறுகிறாள் என்பதைக்கூட உறுதிப்படுத்தக் கூடாது. உங்கள் பட்டியலில் இதே வகையில் ஐந்து தவறுகளை எண்ணினேன். இது ஆங்கிலப் பிழையும் இல்லை, நினைவுப் பிழையும் இல்லை. வளர்ந்த விதம் கையைப் பிடித்து இழுக்கிறது. பிழை என்று தெரிந்துவிட்டால் திருத்துவது எளிது.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லியிருக்கிறீர்கள். ஒருவரைக் கொல்லப்போவதாக நோயாளி சொன்னால் அந்த நபரைக் காக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது 1976-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் டாராசாஃப் வழக்கில் வகுத்த கடமை. டெக்சாஸில் அப்படி இல்லை என்று உங்கள் சக ஊழியர் சொன்னது சரியே. 1999-இல் தாப்பர் எதிர் செஸுல்கா வழக்கில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அந்தக் கடமையை ஏற்க மறுத்தது. அங்கே மருத்துவ ஊழியர்களுக்கோ காவல் துறைக்கோ தெரிவிக்கச் சட்டம் அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் தேர்வு நாடு முழுமைக்கும் ஒன்று. கேள்வியில் மாநிலத்தின் பெயர் இல்லாதவரை டாராசாஃப் கோட்பாட்டின்படி விடை எழுதுங்கள். வேலைக்குச் சேர்ந்தபின் டெக்சாஸ் சட்டத்தின்படி நடங்கள்.

உளச்சிகிச்சைப் பகுதியைக் கதை என்று ஒதுக்கிவிட்டதாக நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். நர்ஸுக்கும் நோயாளிக்கும் இடையே பெப்லாவ் சொன்ன உறவுக் கட்டங்கள், பெக்கின் அறிதல்சார் சிகிச்சை, லினஹனின் டி.பி.டி. என்ற இயங்கியல் நடத்தைச் சிகிச்சை, ஊக்க நேர்காணல், யாலோமின் குழுச் சிகிச்சைக் காரணிகள் ஆகியவற்றின் பெயர்களை மட்டும் மனனம் செய்தால் போதாது. சிகிச்சை முடியப்போகும் வாரத்தில் நோயாளி திடீரென்று புதுப் பிரச்சினை ஒன்றைக் கொண்டுவந்தால் அதைப் பிரிவின் வலியாக அடையாளம் காணத் தெரிகிறதா என்றுதான் கேட்பார்கள். ஒவ்வொரு முறைக்கும் நோயாளி பேசும் ஒரு வாக்கியத்தையும், அதற்கு நீங்கள் சொல்லும் ஒரு வாக்கியத்தையும் கையால் எழுதிப் பாருங்கள்.

அந்த 200 டாலர் கோப்பு

வாங்காதீர்கள். தேர்வுக்கு அமரும்போது, கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன், பெற மாட்டேன் என்ற உறுதிமொழிக்கு ஒப்புக்கொண்டுதான் நீங்கள் முதல் கேள்வியைப் பார்த்தீர்கள். அதை மீறியது தெரியவந்தால் முடிவு ரத்தாகலாம், பெற்ற சான்றிதழே பறிக்கப்படலாம், விஷயம் மாநில நர்சிங் வாரியம்வரை போகலாம். பதினொரு ஆண்டு உரிமத்தைப் பணயம் வைக்கும் அளவுக்கு அந்தக் கோப்பில் எதுவும் இருக்கப்போவதில்லை. யாரோ நினைவிலிருந்து எழுதியவை பாதி தவறாகவே இருக்கும். அந்தக் குழுவிலிருந்து விலகுவதும் நல்லது. பணம் கொடுக்காவிட்டாலும் கோப்பு உங்கள் கைபேசிக்கு வந்து விழுந்துவிடும்.

விலை கொடுத்து வாங்கிய முறையான புத்தகங்களிலும் ஒரு கவனம் வேண்டும். உங்களிடம் இருப்பவை பழைய பதிப்புகள். மனநோய்களை வகைப்படுத்தும் கையேட்டின் புதிய பதிப்பாக 2022 மார்ச்சில் வெளியான டி.எஸ்.எம்.-5-டி.ஆர். நீடித்த துயரக் கோளாற்றைச் சேர்த்தது. பெரியவர்களுக்கு இழப்பு நேர்ந்து குறைந்தது 12 மாதங்கள் ஆகியிருக்க வேண்டும். குளோசபைனுக்கென இருந்த ரெம்ஸ் என்ற பாதுகாப்புப் பதிவுத் திட்டத்தை அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2025-இல் கைவிட்டுவிட்டது, நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களின் எண்ணிக்கையைக் கண்காணிப்பது மட்டும் தொடர்கிறது. ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கான பியுபிரெனார்ஃபினை எழுத முன்பு தேவைப்பட்ட எக்ஸ்-வேவர் என்ற சிறப்பு அனுமதி 2022 டிசம்பர் இறுதியில் நீக்கப்பட்டது. ஏ.என்.சி.சி. தளத்தில் இப்போதைய பாடத்திட்டத்தை இறக்கி அச்சிட்டு, புத்தகத்தை அதனோடு ஒத்துப் பார்த்தபின் படியுங்கள்.

மறுபடி எப்போது, எங்கே

மூன்று முறை தவறினால் வாழ்நாள் தடை என்பது வதந்தி. விதி இவ்வளவே: முந்தைய தேர்வுக்குப் பிறகு 60 நாள் காத்திருக்க வேண்டும், எந்தப் 12 மாதக் காலத்திலும் மூன்று முறைக்கு மேல் எழுத முடியாது. அந்த 60 நாள் காத்திருக்க வேண்டிய குறைந்த அளவே தவிர, அறுபத்தொன்றாம் நாள் எழுதியாக வேண்டும் என்ற கட்டளை அல்ல.

நர்ஸ் பிராக்டிஷனர்களுக்குச் சான்றளிக்கும் இன்னோர் அமைப்பான ஏ.ஏ.என்.பி.சி.பி.யும் அண்மையில் மனநலப் பிரிவுக்குத் தேர்வைத் தொடங்கியிருக்கிறது. அது எளிது என்று கேள்விப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சுக்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. மாறுவதானால், டெக்சாஸ் நர்சிங் வாரியமும் உங்கள் கிளினிக்கும் அவர்கள் ஒப்பந்தம் செய்திருக்கும் காப்பீட்டு நிறுவனங்களும் அந்தச் சான்றிதழை ஏற்பதாக எழுத்தில் வாங்கிக்கொண்டு மாறுங்கள். என் கணிப்பில், அறிக்கை கையில் இருக்கும் தேர்வையே மீண்டும் எழுதுவது உங்களுக்கு நல்லது. எங்கே ஓட்டை என்று தெரிந்த பாத்திரத்தை அடைப்பது சுலபம்.

படிப்பு முறையில் ஒரே ஒரு மாற்றத்தை வற்புறுத்துகிறேன். இன்னும் ஆயிரம் கேள்விகளைத் தேடி ஓடாமல், நாளொன்றுக்கு 25 கேள்விகள் போட்டு, தவறிய ஒவ்வொன்றுக்கும் நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள்: நான் ஏன் அதைத் தேர்ந்தெடுத்தேன், முடிவெடுப்பவராக இருந்திருந்தால் எதைத் தேர்ந்தெடுத்திருப்பேன். மூன்றரை மணி நேரத்தில் 175 கேள்விகள் என்றால் ஒன்றுக்கு 72 விநாடி. வாரத்தில் ஒருநாள் கடிகாரம் வைத்து 50 கேள்விகளை ஒரு மணி நேரத்தில் முடித்துப் பழகினால் ஆங்கிலம் பற்றிய பயமும் கணிசமாகக் குறையும். தாய்மொழி வேறு என்பதற்காகக் கூடுதல் நேரம் கிடைக்காது, மாற்றுத்திறனாளிகளுக்கான ஏ.டி.ஏ. சட்டப்படியான சலுகை உடல், மனக் குறைபாடுகளுக்கு உரியது. மருத்துவர் உங்களுக்கு அப்படி ஏதேனும் கண்டறிந்தால், உரிய ஆவணங்களோடு தேதியைப் பதிவு செய்வதற்கு முன்பே விண்ணப்பிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கிளினிக்கிடம் பேசுவது

தேர்வு முடிவு கிளினிக்குக்குத் தானாகப் போய்ச் சேராது. ஆனாலும் சொல்லிவிடுங்கள். சேரும் தேதி நெருங்கும்போது தெரியவருவதைவிட, இன்ன மாதம் மீண்டும் எழுதுகிறேன் என்று நீங்களே சொல்வது கௌரவமானது. டெக்சாஸில் வேலைக்கான கடிதத்தை நிறுவனம் திரும்பப் பெறுவது சட்டப்படி பெரும்பாலும் எளிது என்பதால், சொல்லுமுன் அந்தக் கடிதத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்: சான்றிதழுக்குக் கடைசித் தேதி குறிக்கப்பட்டிருக்கிறதா, சேர்வதற்கான ஊக்கத்தொகை ஏதும் வாங்கியிருந்தால் அதைத் திருப்பித்தரும் நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். இடைக்காலத்தில் நர்ஸாக அங்கே சேரச் சொன்னால் சேரலாம். ஆனால் நோயறிவதும் மருந்து எழுதுவதும் கூடாது, பெயருக்குப் பின்னால் புதிய பட்ட எழுத்துகளைப் போடவும் கூடாது.

சான்றிதழ் வந்த மறுநாளே மருந்து எழுதலாம் என்று எண்ணியிருக்கிறீர்கள். சான்றிதழ் தேர்வு அமைப்பு தருவது. உரிமம் மாநில வாரியம் தருவது. அதன்பின் மருந்தெழுதும் அதிகாரத்துக்கு டெக்சாஸில் ஒரு மருத்துவருடன் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் வேண்டும். கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்கு, போதைப்பொருள் தடுப்பு அமைப்பான டி.இ.ஏ.விடம் பதிவும், அதற்காக 8 மணி நேரப் பயிற்சியும் வேண்டும். மருத்துவமனை, இறுதிநிலைப் பராமரிப்பு ஆகியவற்றுக்கு வெளியே கடும் கட்டுப்பாடு உள்ள இரண்டாம் அட்டவணை மருந்துகளை எழுத அங்கே நர்ஸ் பிராக்டிஷனருக்கு அனுமதி இல்லை, ஏ.டி.எச்.டி. என்ற கவனக் குறைபாடு உள்ள குழந்தைகளை நிறையப் பார்க்கும் கிளினிக் என்று எழுதியிருக்கிறீர்கள், எனவே அவர்களுக்குத் தரும் அந்த அட்டவணை மருந்தான மெத்தில்ஃபெனிடேட்டை யார் எழுதப்போகிறார்கள் என்று இப்போதே கேட்டுவையுங்கள்.

தேதியைப் பதிவு செய்யும்போது காலை எட்டு மணியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சென்ற முறை இரவு ஷிஃப்ட் முடித்து ஒருநாள் மட்டுமே இடைவெளி விட்டுக் காலையில் எழுதியதாக உங்கள் கடிதத்தின் நடுவே ஒரு வரி வருகிறது. அதற்கு முந்தைய பத்து நாட்கள் விடுப்பு எடுத்து, இரவில் தூங்கிப் பழகி, பகல் ஒரு மணிக்குப் போய் உட்காருங்கள். குடும்ப மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு அந்தத் தேதியைக் குறியுங்கள். அதற்கு முன் வேண்டாம்.